ஓராங்கா, பாராங்கா

அவருடைய சொந்தப் பெயரை நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன், அதுவும் தபால்காரர் வாயிலிருந்து. ஈப்போவில் எல்லோருக்கும் அவர் பாயோங் அக்கா. மலாயில் பாயோங் என்றால் குடை. அவர் குடை விற்றதில்லை, குடைக்குக் கம்பி மாற்றியதும் இல்லை. இராணுவம் கழித்துப் போட்ட பாராசூட்டுகளை வாங்கித் துவைத்து, ஓரம் அடித்து, ரப்பர் தோட்டத்துக் கல்யாணங்களுக்குப் பந்தலாகக் கட்டிக் கொடுத்தார். பாராசூட்டை மலாய்க்காரர்கள் 'குதிக்கிற குடை' என்ற பொருளில்தான் சொல்வார்கள். நம்மவர்கள் குதிப்பதை விட்டுவிட்டுக் குடையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

எழுபதுகளின் நடுவிலிருந்து சில ஆண்டுகள் அவர் கடைக்கு அடுத்திருந்த மோட்டார் உதிரிபாகக் கடையில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். இரண்டு கடைகளுக்கும் முன்னால் ஓடிய அஞ்சடி நடைபாதை ஒன்றே. அவருடைய தையல் இயந்திரம் பாதி உள்ளேயும் பாதி நடைபாதையிலுமாக நிற்கும். கைலியும் ஆண்பிள்ளைச் சட்டையும் அணிந்திருப்பார். வாயில் எப்போதும் குண்டூசிகள் இருக்கும். ஊசிகளைக் கடித்தபடியே பேசுவார், சிரிப்பார், வாடிக்கையாளரைத் திட்டுவார். ஒன்றுகூடத் தவறி விழுந்து நான் பார்த்ததில்லை. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். கணவர் ரயில்வேயில் இருந்தவர், காலமாகி வெகு நாளாகியிருந்தது. ஞாயிறு காலை தேவாலயம், மற்ற நாள் முழுக்கத் தையல்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. ஒரு பொருள் தன் பெயரில்லாத வேறு பெயரில் உலவுவதை அவரால் பொறுக்க முடியாது. எங்கள் வரிசையில் ஒரு துணிக்கடைக்காரர் பாராசூட் நைலானில் சட்டை தைத்து 'பட்டுச் சட்டை' என்று தொங்கவிட்டார். அக்கா அந்தக் கடை வாசலில் போய் நின்றுகொண்டு, உள்ளே போகிறவர்களிடமெல்லாம், "இது பட்டு இல்ல. நைலான். நல்ல நைலான்தான், வாங்கிக்குங்க. ஆனா பட்டு இல்ல" என்று சொன்னார். சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை, வழி சொல்கிற குரலில் சொன்னார். கடைக்காரர் அதன் பிறகு அவரோடு பேசவே இல்லை. அக்காவுக்கு அது ஏன் என்று கடைசிவரை விளங்கவில்லை. "நல்ல நைலான்னும் சேத்துத்தானே சொன்னேன்" என்பார்.

பாராசூட்டுகளில் அவருக்கு இரண்டே சாதி. ஒன்று ஓராங், இன்னொன்று பாராங். மலாயில் ஓராங் என்றால் ஆள், பாராங் என்றால் சாமான். ஆளை இறக்குகிற குடை, சாமானை இறக்குகிற குடை. அவர் பாராங் மட்டுமே வாங்குவார்.

பழைய ஈயக்குட்டை ஒன்றின் கரையில் ஒரு சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். இராணுவம் ஏலத்தில் விட்ட சரக்கு அவரிடம்தான் வரும். எங்கள் கடை வேனை இரவல் வாங்கிக்கொண்டு அக்கா புறப்படுவார். வேனோடு நானும் போக வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் நிபந்தனை. போனதும் அக்கா பாராசூட் மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

"செமுவா சாமா லா, அக்கா" என்பார் தவுக்கே. எல்லாம் ஒன்றுதான் என்று பொருள். அக்காவும் மலாயைக் கலந்து, 'இது' என்பதற்கு 'இனி' போட்டுப் பதில் சொல்வார்.

"என்னா சாமா? இனி ஓராங், இனி பாராங். கண்ணு தெரியலயா தவுக்கே?"

நிறம் இருந்தால் சுலபம். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வந்தால் அநேகமாகச் சாமான் குடை. காட்டுக்குள் விழுந்தது அரிசியா, தோட்டாவா, மருந்தா என்று தூரத்திலேயே தெரிவதற்காக நிறம் பிரித்திருப்பார்கள். வெள்ளையிலும் பச்சையிலும்தான் சிக்கல். கயிறு இருந்தால் அதன் தடிமனை வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் தவுக்கே கயிற்றையெல்லாம் முன்பே அறுத்து லோரிக்காரர்களுக்கு விற்றிருப்பார். மிஞ்சுவது துணி மட்டும். அக்கா வாயிலிருந்த ஊசிகளைச் சட்டைக் கழுத்தில் குத்திக்கொள்வார். துணியின் ஒரு முனையை இழுத்து, பின்னால் உள்ளங்கையை வைத்து, முன்னாலிருந்து மெதுவாக ஊதுவார். மூச்சு கசிந்து கையில் பட்டால் பாராங். படாவிட்டால் ஓராங். ஆள் குடையின் துணி அவ்வளவு நெருக்கம். இதெல்லாம் அக்கா சொன்னது. பின்னாளில் நான் படித்துப் பார்த்த வரையில் பெரும்பாலும் சரிதான். சில வகைகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

ஆள் குடை ஏன் வேண்டாம் என்று ஒருமுறை கேட்டேன்.

"அது காத்தப் புடிச்சிக்கும் தம்பி. புடிக்கத்தானே தச்சிருக்கான். பந்தலாக் கட்டுனா கம்பத்தையும் புடுங்கிக்கிட்டுப் போயிரும். பாராங்னா காத்து பூந்து வெளிய வந்துரும்."

காரணம் அவ்வளவே. ஆனால் தோட்டத்து மக்கள் வேறொரு காரணத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். ஆள் குடை என்றால் அதில் எவனாவது செத்திருப்பான், அந்தத் தீட்டுத் துணியை அக்கா தொடமாட்டார், அதனால் அவர் பந்தல் சுத்தம் என்று பேச்சு. தாப்பாவிலிருந்து சுங்கை சிப்புட் வரை அவருக்கு வேலை வந்ததற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம். அக்கா யாரையும் அப்படி நினைக்க விட்டதில்லை. "சாவுமில்ல, கீவுமில்ல. காத்து" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்வார். அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பழையபடியே நம்பினார்கள்.

இந்த ஓராங், பாராங் நாளடைவில் எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. கல்யாணத் தரகர் ஒருவர் அஞ்சடியில் உட்கார்ந்து ஒரு பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அட்டிகை, வளையல், தையல் மெஷின், தேக்குக் கட்டில் என்று அடுக்கினார். அக்கா மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டார்: "அண்ணே, நீங்க ஓராங் பத்திப் பேசுறீங்களா, பாராங் பத்திப் பேசுறீங்களா?" தரகர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

என் தங்கையின் கல்யாணம் எழுபதுகளின் பின்பாதியில் ஒரு தை மாதத்தில் நடந்தது. பீடோருக்கு உள்ளே இருந்த எங்கள் தோட்டத்தில், கோயிலுக்கு எதிரே இருந்த திடலில். அந்தத் திடலும், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளும் இப்போது இல்லை, எண்ணெய்க்கான செம்பனை நிற்கிறது. பந்தலுக்குப் பாயோங் அக்காவைச் சொன்னவன் நான்தான்.

அதற்கு முந்திய மழைக்காலத்தில் தவுக்கேயிடம் வெள்ளைக் குடை ஒன்று வந்திருந்தது. மிகப் பெரியது. அக்கா அதைப் பார்த்த அன்று கொட்டுகிற மழை, துணி நனைந்து கிடந்தது. ஈரத் துணியில் எந்த மூச்சும் நுழையாது, ஊதிப் பார்க்க வழியில்லை. ஓரத்தில் கறுப்பு மையில் ஆர், ஏ, என், ஜி என்று நான்கு எழுத்துகள் தெரிந்தன. அதற்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டுத் துணி தைத்திருந்தது. ஒட்டுக்கு அடியில் மீதி எழுத்து இருக்க வேண்டும். ஓ இருந்தால் ஓராங். பி, ஏ இருந்தால் பாராங்.

"பாராங்தான்" என்றார் அக்கா. "கிழிஞ்ச குடைக்கு இவ்வளவு பெரிய ஒட்டுப் போட்டு எவனாச்சும் ஆள எறக்குவானா? சாமானுக்குத்தான் ஒட்டுப் போடுவான்."

சரியான வாதமாகத்தான் எனக்கும் பட்டது. அது காய்ந்த பிறகு அவர் ஊதிப் பார்க்கவில்லை. தை மாதத்துக்கு எங்கள் கல்யாணத்தோடு வேறு இரண்டு தோட்டங்களிலும் நாள் கொடுத்திருந்தார், வேலை நெருக்கியது.

கல்யாணத்துக்கு முன்தினம் வந்து, நடுவில் உயரமான கம்பம் நட்டு, சுற்றிலும் மூங்கில் நிறுத்தி, குடையை விரித்துக் கட்டினார். எங்கள் லயத்து மக்கள் மொத்தமும் அதன் கீழே அடங்கும். காலையில் வெயில் அதன் வழியே பால் போல இறங்கியது. அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

மாப்பிள்ளை வீட்டார் காம்பாரிலிருந்து வந்தார்கள். அவர்களில் பெரியவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோராக இருந்தவர், எல்லோரும் அவரை மண்டோர் என்றே அழைத்தார்கள். பயண அலுப்பில் பாயில் மல்லாந்து படுத்தார். அண்ணாந்து பார்த்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"கிராணி, இங்க வாங்க. மேல என்னா எழுதிருக்கு?"

நான் வாயைத் திறக்குமுன் மாப்பிள்ளைத் தோழன், ஆங்கிலப் பள்ளியில் படித்தவன், சொன்னான்: "ராங்னு எழுதிருக்கு மாமா. ராங்னா தப்பு லா. மாப்பிள்ள, இன்னும் டைம் இருக்கு, ஓடிரு மச்சான்."

எல்லோரும் சிரித்தார்கள். மண்டோர் சிரிக்கவில்லை.

"ஒட்டு இருக்கு பாரு. அதுக்குள்ள என்னா எழுத்து? ஓராங்கா, பாராங்கா?"

"பாராங்தாங்க" என்றேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "வெள்ளக்காரன் போட்ட அவசரகாலத்துல, கம்யூனிஸ்டுகளத் தேடி எங்க தோட்டத்துக்குப் பின்னால காட்டுல பட்டாளம் குதிச்சாங்க. ஒரு சிப்பாய் மரத்துல மாட்டிக்கிட்டான். தலகீழாத் தொங்குனான். நாங்கதான் ஏணி கட்டிப் போயி எறக்குனோம். உசுரு இல்ல. குடைய மடிச்சி லோரில வச்சது இந்தக் கையி. அந்த மாதிரி துணிக்குக் கீழ என் தங்கச்சி மவன் தாலி கட்டணுமா?"

மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அக்காவைத் தேடி ஓடினேன். அவர் சமையல் கொட்டகைக்குப் பின்னால் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். வழியில் அம்மா அவர் முழங்கையைப் பிடித்து, "தாயி, பாராங்னு ஒரு வார்த்த சொல்லிரு. அது போதும்" என்றார்.

"பாராங்தாம்மா. அதுல என்னா" என்றார் அக்கா.

"ஒட்டப் பிரிச்சிக் காட்டும்மா" என்றார் மண்டோர்.

"பிரிக்க வேணாம். ஒரு பெஞ்சி குடுங்க."

பெஞ்சை நான் பிடித்துக்கொண்டேன். அக்கா ஏறி நின்று, துணியின் பின்னால் கையை விட்டு, ஊதினார். இடம் மாற்றி இன்னொரு முறை ஊதினார். பிறகு கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு மூன்றாவது முறை. அவர் என்ன செய்கிறார் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாருக்காவது ஏதாவது தோன்றியிருந்தால், துணிக்கு முத்தம் கொடுக்கிறார் என்று தோன்றியிருக்கும். குனிந்து என்னிடம் மட்டும் சொன்னார்:

"தம்பி, தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் என்ன சொன்னாலும் செல்லும் என்று எனக்குத் தெரிந்தது. பாராங் என்றால் கல்யாணம் நடக்கும், அடுத்த இரண்டு தோட்டங்களின் வேலையும் கைவிட்டுப் போகாது. ஓராங் என்றால் மண்டோரின் பேச்சு ஒரு வாரத்தில் காம்பாரிலிருந்து தாப்பா வரை போய்விடும். பந்தலுக்கு அவரை யாரும் கூப்பிடமாட்டார்கள். தங்கை கழுத்தில் மாலையோடு அறைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா இறங்கினார்.

"ஓராங்" என்றார். "ஆள் குடை. பாராங்னு நெனச்சிக் கொண்டாந்து கட்டிட்டேன். எந் தப்பு. அவுக்கச் சொன்னா அவுத்துர்றேன். ஆனா அவுத்து முடிக்கிறதுக்குள்ள முகூர்த்தம் போயிரும்."

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சே கொண்டாந்தியா?" என்றார் மண்டோர்.

"தெரிஞ்சிருந்தா கொண்டாந்திருக்க மாட்டேன். அது காத்துக்காக. நீங்க சொல்ற சாவுக்காக இல்ல."

"வேதக்காரங்க ஒங்களுக்கு நாளு நட்சத்திரம் கெடயாது. எங்களுக்கு இருக்கு."

"இருக்கட்டும் அண்ணே. ஒன்னு கேக்கறேன். அந்தச் சிப்பாயக் கொன்னது குடையா, மரமா?"

மண்டோர் யோசித்தார். நேர்மையான மனிதர், யோசித்துத்தான் பதில் சொன்னார். "மரம்."

"குடை என்னா பண்ணிச்சி?"

"அது..." என்றவர் மேலே பார்த்தார். "அது புடிச்சிக்கிட்டுத்தான் இருந்திச்சி. நாங்க போற வரைக்கும் விடல."

"சாமான் குடை அப்படி இல்லண்ணே. அரிசியும் டின் மீனும் எறங்கறது. ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போவுதுன்னு தச்சது. இது, உள்ள இருக்கறவன் உசுரோட காலு ஊனணும்னு தச்சது. நான் சொல்றது அவ்வளவுதான். கட்டுறதும் கட்டாததும் ஒங்க இஷ்டம்."

சொல்லிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மலைப் பக்கம் மேகம் ஏறியிருந்தது. அவர் மூங்கில் மூங்கிலாகப் போய் முடிச்சுகளை இழுத்துப் பார்க்கத் தொடங்கினார். அவர் முகத்தில் கலக்கம் இருந்தது. அது மண்டோரைப் பற்றியதல்ல, காற்றைப் பற்றியது.

மாப்பிள்ளையின் அம்மா, "அண்ணே, நேரமாவுது" என்றார்.

மண்டோர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, பொண்ணக் கூப்புடுங்க. ஆனா ஏதாச்சும் நடந்திச்சின்னா..."

"நடக்கும்" என்று அக்கா அந்தக் கோடியிலிருந்து சொன்னார். "காத்து வரும். கம்பத்துக்கு ஒரு ஆளு நில்லுங்க."

தாலியைத் தட்டில் வைத்துச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது காற்று வந்தது. குடை ஒரே மூச்சில் நிறைந்து மேலே எழும்பியது. மண்டோருக்குப் பக்கத்தில் இருந்த மூங்கில் மண்ணை விட்டு முழங்கால் உயரம் கிளம்பியது. அவர் என்ன ஏது என்று பார்க்காமல் கயிற்றைப் பிடித்தார். பிடித்த பிறகுதான் எதைப் பிடித்திருக்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். விடப் பார்த்தார்.

"விட்ராதீங்கண்ணே" என்றார் அடுத்த கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்த அக்கா. "ஆளுக்குத் தச்சது. ஆள் புடிச்சாத்தான் நிக்கும்."

கெட்டிமேளம் முழங்கியது. மண்டோர் அட்சதையை இடது கையால் எறிந்தார். கல்யாணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால், உடம்பை முழுக்கச் சாய்த்துக்கொண்டு, யாரோடோ வடம் இழுக்கும் போட்டியில் இருப்பவர் போல அவர் நிற்கிறார். என் தங்கையின் பேரப்பிள்ளைகள் இப்போதும் அந்தப் படத்தில் முதலில் கைகாட்டுவது அவரைத்தான்.

மண்டோர் வெளியில் எதுவும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. சொன்னது அக்காதான். மற்ற இரண்டு தோட்டங்களுக்கும் ஆள் அனுப்பி, தன்னிடம் இருக்கும் பெரிய வெள்ளைக் குடை ஆள் குடை என்றும், அது பரவாயில்லை என்றால் வருவதாகவும் தெரிவித்தார். இரண்டு வீட்டாரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒருவர், பாராங் என்று உறுதியாக எழுத்தில் இருந்தால் யோசிக்கலாம் என்றாராம். அந்தத் தை மாதத்தின் மீதி நாட்களில் அக்கா லோரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தார்.

மாசி பிறந்த பிறகு ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். வெள்ளைக் குடை மேசையில் கிடந்தது. ஒட்டின் தையலைச் சவர பிளேடால் பிரித்திருந்தார்.

"படி தம்பி."

பி, ஏ என்று இரண்டு எழுத்துகள் இருந்தன. மை மங்காமல், நேற்று அடித்தது போல இருந்தது. பாராங்.

"பாராங்தான் அக்கா" என்றேன். "அன்னைக்கே பிரிச்சிருந்தா ஒரு தொல்லையும் இல்ல. இதக் காட்டுங்க, ரெண்டு வீடும் திரும்பி வந்துரும்."

அவர் துணியைத் தூக்கி, என் உள்ளங்கையைப் பின்னால் வைத்து, ஊதினார். எனக்கு ஒன்றும் படவில்லை.

"எழுத்து பாராங். துணி ஓராங். எப்படி?"

எனக்கு எங்கோ படித்தது நினைவு வந்தது. ஆளை இறக்குகிற குடைக்கு ஒரு வயது உண்டு. அது கடந்தால் துணி நன்றாகவே இருந்தாலும் ஆளுக்குக் கொடுக்கமாட்டார்கள், சாமான் பக்கம் தள்ளிவிடுவார்கள். இதைச் சொன்னேன். அதற்கப்புறம் கிழிந்தபோதுதான் ஒட்டுப் போட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

அக்கா அந்த இரண்டு எழுத்துகளையும் விரலால் தடவினார்.

"அப்ப, ஆளா இருந்ததத்தான் வயசானதும் சாமான்னு எழுதிட்டானுங்க."

"ஆமாங்க."

கழுத்துப்பட்டியிலிருந்து ஊசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பிரித்த ஒட்டைப் பழைய இடத்திலேயே பொருத்தி, ஓரம் மடித்து, ஊசி குத்தி, இயந்திரத்துக்கு அடியில் தள்ளி மிதித்தார். இரண்டு எழுத்தும் மறைந்துவிட்டன.

"எதுக்கு அக்கா மூடுறீங்க? இருந்தா வேல வருமே" என்றேன்.

"கெடக்கட்டும் தம்பி" என்றார் ஊசிகளுக்கு நடுவிலிருந்து. "குடைக்குத் தெரிய வேணாம்."